கழிவு நீரிலுள்ள கரிமப் பொருள்களும் அயனி மாற்றுச் சவ்வும்

நொய்யலாற்றுப் பாசனத்தில் நிலமுடையவர்களுக்குச் சாயக் கழிவு நீரின் கேட்டைப் பற்றிப் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சென்னிமலைக்கருகே ஒரத்துப்பாளையத்தில் 1992-ஆம் ஆண்டில் கட்டி முடிந்த அணை பாசனத்துக்கென்றே ஏற்பட்டது. ஆயினும் சில ஆண்டுகளுக்குள் அது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு நீர் தங்கும் குட்டையாயிற்று. கிணறுகள் உவர்த்தன, விளைநிலங்கள் தரம் குன்றின. 2011-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவு நீரை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாட்டைச் செய்து முடிக்காத சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. அதன்பின் பட்டறைக்காரர்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தாரும் நீரையும் உப்பையும் தனித்தனியே மீட்டுத் திரும்பவும் உபயோகித்தே தொழில் நடத்த வேண்டியதாயிற்று.

இவ்வேற்பாட்டில் முக்கியமான வேலையைச் செய்வன சவ்வுகள். அவற்றுள் ஆர்.ஓ. யந்திரத்திலுள்ள சவ்வைப் பலரும் அறிவர். குடிநீருக்காக அது கிராமங்களுக்கும் வந்துவிட்டது. அதனினும் வேறான மற்றொரு சவ்வு உண்டு. அயனி மாற்றுச் சவ்வு என்பது அதன் பெயர். உவர் நீரையும் நகரக் கழிவு நீரையும் உப்பு நீக்குவதற்குப் பிற தேசங்களில் அது நெடுங்காலமாக வழங்கி வருகின்றது; சாய நீரின் உப்பை மீட்பதற்கும் ஆராய்ச்சியாளர் அதனை எடுத்தாண்டு வருகின்றனர். இவ்விரு சவ்வுகளும் ஒரே காரியத்தைச் செய்வன என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் பிழை. மீட்ட நீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சலாமா என்று தீர்மானிக்க வேண்டிய குடியானவருக்கும், அதற்குச் சம்மதம் கேட்கப்படும் கிராம அதிகாரிக்கும், அப்பிழையால் நஷ்டம் நேரக்கூடும்.

மண்ணிலேயே கண்ட நியாயம்

அயனி மாற்றம் என்பது தொழிற்சாலையில் பிறந்த வித்தையன்று. உழவு மண்ணில் கண்டறிந்ததாகும். இங்கிலாந்தில் தாம்ஸன் என்னும் நிலக்கிழார் ஒரு குழாயில் மண்ணை நிரப்பி, அதன் மேல் அமோனியம் சல்பேட் கரைந்த நீரை ஊற்றினார். அடியில் வடிந்த நீரில் அமோனியா வெகுவாகக் குறைந்திருந்தது; அதற்குப் பதிலாக ஜிப்ஸம் வந்திருந்தது. ராயல் விவசாயச் சங்கத்தின் ரஸாயன நிபுணராகிய ஜே. தாமஸ் வே இதனை விரிவாக ஆராய்ந்து 1850-இல் வெளியிட்டார். களிமண் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றை விடுகின்றது என்பதே அவர் கண்டது. இட்ட உரம் முதல் மழையிலேயே முழுவதும் கரைந்தோடாமல் வயலில் நிற்பதற்கும், களர் நிலத்துக்கு ஜிப்ஸம் இட்டால் சோடியம் கழன்று போவதற்கும் இதுவே காரணம்.

நீரில் கரைந்த உப்பு இரண்டாகப் பிரிந்து நிற்கும். சமையலுப்பில் சோடியம் தன மின்னேற்றமுடையது. குளோரைடு ருண மின்னேற்றமுடையது. இவ்வாறு மின்னேற்றம் தாங்கிய துகள்களே அயனிகள். மண் செய்யும் இவ்வேலையைச் செயற்கைப் பிசினைக்கொண்டு செய்யலாமென்று ஆடம்ஸ், ஹோம்ஸ் என்னும் இருவர் 1935-இல் இங்கிலாந்தில் காட்டினர். அப்பிசினின் குணமுடைய பொருளைத் தகடாக்கி, உப்பு நீக்குவதற்கேற்ற சவ்வாக யூடா, மக்ரே என்போர் 1950-இல் அமெரிக்காவில் வெளியிட்டனர். நம் நாட்டில், 1954-இல் பாவநகரில் ஏற்பட்ட மத்திய உப்பு, கடல் ரஸாயன ஆராய்ச்சி நிலையம் இத்தகைய சவ்வுகளைத் தானே செய்து உவர் நீரைத் திருத்தும் வேலையில் ஈடுபட்டு வந்திருக்கின்றது.

இச்சவ்வு ஏறக்குறைய ஒரு தடித்த காகிதத்தின் கனமுடையது. இதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் ருண மின்னேற்றம் அசையாமல் பதிந்திருக்கும். அது தன அயனிகளை உள்ளே விட்டு ருண அயனிகளை விரட்டும். மற்றது இதற்கு நேர்மாறு. இவ்விரண்டையும் மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கில் அடுக்கி, இடையிடையே நீர் ஓட வழிவிட்டு, அடுக்கின் இரு முனைகளிலும் மின்சாரம் கொடுப்பார்கள். சோடியம் ஒரு புறமும் குளோரைடு எதிர்ப்புறமும் இழுபடும். அதனால் ஓர் அறையிலுள்ள நீர் உப்பு குறைந்தும், அடுத்த அறையிலுள்ள நீர் உப்பு மிகுந்தும் வெளிவரும். இம்முறைக்கு எலெக்ட்ரோடயாலிஸிஸ் என்று பெயர். இக்கட்டுரையில் மின்முறை என்று சுருக்கிச் சொல்லப்படும்.

சலிப்பதும் பொறுக்குவதும்

ஆர்.ஓ. முறையில் நீர் சவ்வைக் கடந்து வருகின்றது. உப்பும் பிறவும் பின்தங்குகின்றன. மின்முறையிலோ நீர் இருந்த இடத்திலேயே இருக்கின்றது. உப்புத்தான் சவ்வைக் கடந்து வெளியேறுகின்றது. முன்னது மாவு சலிப்பது போன்றது. சலித்து விழுந்த மாவில் கப்பி பெரும்பாலும் இராது. பின்னது அரிசியில் கல் பொறுக்குவது போன்றது. பொறுக்கும் கைக்கு அகப்படாத கல் அரிசியோடேயே தங்கி உலைக்குப் போகும். மின்சாரம் என்னும் கைக்கு அகப்படுவன மின்னேற்றமுள்ள பொருள்களே. மின்னேற்றமில்லாத பொருள் எத்தனை தீயதாயினும், உப்பு நீங்கிய நல்ல நீரென்று பெயர் பெற்ற அந்நீரிலேயே பெரும்பாலும் நின்றுவிடும்.

கழிவு நீரில் உப்போடு கலந்திருப்பன பெரும்பாலும் கரிமப் பொருள்கள், அதாவது கரிச்சத்தை அடிப்படையாகக் கொண்டவை. சாயம், சவர்க்காரம், கஞ்சிப் பசை, எண்ணெய், மருந்துச் சரக்குகள், கிருமிநாசினிகள், புளித்த கழிவிலுண்டாகும் அமிலங்கள் எல்லாம் இவ்வினத்தைச் சேர்ந்தவை. இவை சவ்வின் முன் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை.

மின்னேற்றமில்லாதவற்றை முதலில் கொள்வோம். இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் சுத்தமான மழை நீரை எடுத்து, ஒன்றில் ஒரு கரண்டி உப்பும், மற்றதில் ஒரு கரண்டி வெள்ளைச் சர்க்கரையும் கரைத்து, பாசன நீரைச் சோதிக்கும் ஈ.ஸி. மானியை ஒவ்வொன்றிலும் அமிழ்த்திப் பார்க்க. உப்பு நீரில் எண் விர்ரென்று ஏறும். சர்க்கரை நீரில் மழை நீரின் எண்ணே ஏறக்குறைய நிற்கும். நாக்குக்கு அவ்வளவு தித்திப்பாயிருப்பது மானிக்குத் தெரிவதேயில்லை. ஈ.ஸி. 0.7 மில்லிமோவுக்கு உட்பட்டால் பாசனத்துக்குத் தடையில்லை, 3 மில்லிமோவுக்கு மேற்பட்டால் கடுமையான இடையூறு உண்டு என்பது பொதுவாக ஒப்புக்கொண்ட அளவு. அவ்வளவு உப்புக்கு மாத்திரமே உரியது. மின்முறையில் வந்த நீரை இம்மானியை மட்டும் நம்பி நல்லதென்று சொல்வது, தராசைக்கொண்டு பாலில் தண்ணீர் கலந்ததா என்று பார்ப்பது போலாகும்.

மின்னேற்றமில்லாத சிறு பொருள்கள் சவ்வை அடியோடு கடவாமலும் இருப்பதில்லை. சவ்வு தன்னுள் நீரை உறிஞ்சி ஊறியிருப்பது. அந்நீரின் வழியே, அடர்த்தி மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு இவை மெல்லக் கசியும். மேலும் ஒவ்வோர் அயனியும் தன்னைச் சூழ்ந்த சிறிது நீரையும் உடன் கொண்டே சவ்வைக் கடக்கின்றது; அந்நீரோடு ஒட்டிக்கொண்டும் சில போகும். உருவம் சிறுத்தவை விரைந்தும் பெருத்தவை வெகு தாமதமாயும் கசியும். ஆகவே இவற்றில் ஒரு பங்கு உப்பு மிகுந்த நீரையும் சேர்கின்றது. மீட்ட உப்புக் கரைசல் தூயது என்று முடிவு செய்வதற்கும் இது தடையாகும்.

காடியும் சோடாவும்

இரண்டாவதாக, சமயத்துக்குத் தக்கபடி மின்னேற்றம் பெறுவனவும் இழப்பனவுமாகிய பொருள்கள் உண்டு. இவையே சுத்திகரிப்பு நிலையத்தாரை மிகவும் ஏமாற்றுவன. கடையில் விற்கும் வினிகர் என்னும் காடி நெடியடிக்கின்றது. அதிலுள்ள அஸிடிக் அமிலத்தில் பெரும்பங்கு மின்னேற்றமில்லாத நிலையில் இருப்பதால் ஆவியாகி மூக்கை அடைகின்றது. அதில் ஆப்பச் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டு நுரை அடங்கும் வரையில் கலக்கினால் நெடி நீங்கும். அமிலம் எங்கும் போய்விடவில்லை. மின்னேற்றம் பெற்று உப்பாக மாறி நீரிலேயே நிற்கின்றது. இம்மாற்றம் நீரின் புளிப்பு அல்லது காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவைப் பொறுத்தது. அஸிடிக் அமிலம் பி.எச். 4.8-இல் பாதிக்குப் பாதியாயிருக்கும். 7-ஐ நெருங்கினால் ஏறக்குறைய முழுதும் அயனியாகிவிடும். அப்போது மின்சாரம் அதனை இழுத்து உப்புப் பக்கம் சேர்க்கும். பீனாலுக்கோ அந்தப் பாதி நிலை பி.எச். 10-இல் தான் வரும். ஸாதாரண நீரின் பி.எச். 7, 8 என்ற அளவிலிருப்பதால், பீனால் மின்னேற்றமின்றியே இருந்து நல்ல நீரில் தங்கும். ஒரே யந்திரம், ஒரே மின்சாரம்; ஆயினும் ஓர் அமிலம் வெளியேறுகின்றது, மற்றொன்று உள்ளே நிற்கின்றது.

இவ்வாறு அயனியான கரிம அமிலங்களும் உப்பு அயனிகளோடு போட்டியிட்டே செல்ல வேண்டும். குளோரைடு சிறியது, வேகமுடையது, அது முந்திக்கொள்ளும். கரிம அயனி பின்தங்கும். நீரிலுள்ள உப்பு நன்றாகக் குறைந்த பிறகே, இழுக்க வேறில்லாத மின்சாரம் இவற்றின் மேல் திரும்பும். ஆதலால், மீட்ட உப்பு சுத்தமாயிருக்க வேண்டுமென்று விரும்பும் நிலையத்தார் உப்பை அடியோடு எடுக்க முயலாமல் ஓரளவில் நிறுத்திக்கொள்வது நலம். அவ்வாறு நிறுத்தினால் அவ்வமிலங்கள் நீரில் மிச்சமாயிருக்கும் என்பதையும் மறக்கலாகாது. உப்பையும் நீரையும் ஒருசேரத் தூய்மையாக்கித் தருவதாக இச்சவ்வை மட்டும் வைத்துக்கொண்டு யாரேனும் உறுதி கூறுவாராயின், அவரிடம் சோதனைக் கணக்கைக் கேட்பதே தகும்.

சாயத்தின் போக்கு

பருத்தி நூலுக்கிடும் ரியாக்டிவ் சாயங்கள் நூலில் ஏறுவதற்காக, சாயத் தொட்டியில் லிட்டருக்குப் பல பத்துக் கிராம் கணக்கில் சமையலுப்போ கிளாபர் உப்போ போடுகின்றனர். அவ்வுப்பு நூலில் தங்குவதில்லை. அப்படியே கழிவில் வருகின்றது. சாயத்திலும் ஒரு பகுதி நூலைப் பற்றாமல் நீரோடு வருகின்றது. இச்சாயங்கள் உருவத்தில் பெரியவை, ருண மின்னேற்றமுடையவை. மின்சாரம் இவற்றைத் தன மின்னேற்றமுள்ள சவ்வை நோக்கி இழுக்கும். ஆனால் உள்ளே நுழைந்து கடக்க முடியாத பருமனால் அவை அச்சவ்வின் மேலும் வாயிலிலும் ஒட்டிக்கொள்ளும். சவ்வும் சாயமும் கரிமப் பொருள்களே. மின்னேற்றத்தின் கவர்ச்சியோடு இந்த உறவும் சேர்ந்தபடியால் ஒட்டியது எளிதில் விடுவதில்லை. வெள்ளை வேட்டியில் மஞ்சள் ஏறியது போலத்தான். துணி வெளுக்கும் சவர்க்காரச் சரக்குகளும், மக்கிய இலையிலிருந்து இறங்கி ஏரி நீரைப் பழுப்பாக்கும் ஹ்யூமிக் அமிலமும் இப்படியே செய்யும். மண்ணுக்கு உயிர் போன்ற ஹ்யூமஸ் இங்கே இடையூறாக நிற்பது வேடிக்கையே.

இவ்வாறு அடைபட்ட சவ்வில் மின்சாரம் செல்லத் தடை மிகும், செலவு ஏறும், உப்பு நீங்குவது குறையும். இதற்கு மாற்றாக 1970-களில் ஒரு யுக்தி வழக்கத்துக்கு வந்தது. மணிக்கு இரண்டு மூன்று முறை மின்சாரத்தின் திசையை மாற்றிவிட்டால், ஒட்டியவற்றில் ஒரு பகுதி தானே பெயர்ந்து போகும். அதற்கும் மசியாதவற்றை உப்பும் காஸ்டிக் சோடாவும் கலந்த நீரால் கழுவுவார்கள். அந்தக் கழுவு நீர் சாயமும் காரமும் நிறைந்தது. அதைத் திரும்பச் சுத்திகரிப்புத் தொட்டிக்கே விடவேண்டும். இரவில் ஓடையில் திறந்துவிடும் நீர் இவ்வகையாகவும் இருக்கலாமென்பதைக் கிராம அதிகாரிகள் மனத்திற் கொள்வது நன்று.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாயங்களில் பெரும்பாலன அஸோ என்னும் பிணைப்புடையவை. பிராணவாயு இல்லாத தொட்டியில் நுண்ணுயிர்கள் அப்பிணைப்பை அறுத்துவிடும். உடனே நிறம் மறையும்; பார்ப்பவர் நீர் தெளிந்ததென்று மகிழ்வர். அறுபட்ட துண்டுகள் அமைன் என்னும் வகையைச் சேர்ந்தவை. அவற்றுட் சில தீங்கு விளைப்பன. பெரிய சாயமாயிருந்தபோது சவ்வில் ஒட்டி நின்றது, இப்போது சிறு துண்டாய்விட்டது. மின்னேற்றமுள்ள துண்டு சவ்வைக் கடந்து உப்பை அடையும். அனிலின் போன்ற மின்னேற்றமற்ற துண்டு நீரிலேயே நிற்கும். இரண்டும் கண்ணுக்குத் தெரியா. அத்துண்டுகளைப் பிராணவாயு ஊட்டும் மற்றொரு தொட்டியில் மேலும் சிதைத்த பிறகே நீரைச் சவ்வுக்கு அனுப்ப வேண்டும்.

அமெரிக்காவில் ஸான் டியேகோ நகரின் வடபகுதிச் சுத்திகரிப்பு நிலையத்தில் 1998 முதல் மின்முறையால் கழிவு நீரின் உப்பைக் குறைத்து, தோட்டங்களுக்கும் புல்வெளிகளுக்கும் பாய்ச்சக் கொடுத்தார்கள். அங்கு நுண்ணுயிர்களால் கரிமப் பொருளைத் தின்னச் செய்து, வடிகட்டிய பின்னரே நீர் சவ்வுக்குச் சென்றது. சவ்வுக்கு விட்டது உப்பை எடுக்கும் வேலையை மாத்திரமே. மாட்டை முன்னும் வண்டியைப் பின்னும் கட்டிய அவ்வரிசை எங்கும் பின்பற்றத்தக்கது.

முதல் வாரத்துச் சோதனை

கிராமத்தார் மிகவும் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உள்ளது. புதுச் சவ்வு, உலர்ந்த மண் நீரைக் குடிப்பது போல, கரிமப் பொருள்களைத் தன்னுள் உறிஞ்சிக்கொள்ளும். அந்நாட்களில் நீரையும் உப்பையும் சோதித்தால் இரண்டிலும் அவை குறைவாகவே காணும். யந்திரம் அவற்றை அழித்துவிட்டதென்று தோன்றும். உண்மையில் அவை சவ்வில் அடைந்து கிடக்கின்றன. சவ்வு நிறைந்த பிறகு, ஒரு புறம் புகுவது மறுபுறம் வெளிப்படும். உள்ளே வரும் கழிவு நீர் இலேசாயிருக்கும் நாட்களில், முன் பிடித்து வைத்ததையும் சவ்வு திருப்பிக் கொடுக்கும். திறப்பு விழா நாளன்று எடுத்த மாதிரியின் அறிக்கையைச் சட்டம் போட்டு மாட்டி வைப்பதால் ஒன்றும் தெரியாது. யந்திரம் சில வாரங்கள் இடைவிடாமல் ஓடிய பிறகு எடுத்த மாதிரியே உண்மையைச் சொல்லும்.

மாதிரியில் என்ன சோதிக்கச் சொல்வது என்பது அடுத்த கேள்வி. ஈ.ஸி.யும் சோடியமும் வேண்டியவையே. அவற்றோடு பி.ஓ.டி., ஸி.ஓ.டி. என்னும் இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும். முன்னது, நுண்ணுயிர்கள் தின்னக்கூடிய கரிமப் பொருளைச் சிதைக்கச் செலவாகும் பிராணவாயுவின் அளவு. பின்னது, தின்னக்கூடியதும் கூடாததுமாகிய ஏறக்குறைய எல்லாவற்றையும் ரஸாயனத்தால் சிதைக்க வேண்டும் அளவு. 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளைச் சேர்ந்த பொது அளவின்படி, பாசன நிலத்தில் விடும் கழிவு நீரின் பி.ஓ.டி. லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. ஆனால் பி.ஓ.டி. குறைந்திருப்பது ஒன்றைக்கொண்டே திருப்தியடைதல் கூடாது. பி.ஓ.டி. மிகக் குறைந்தும் ஸி.ஓ.டி. பன்மடங்கு உயர்ந்தும் இருக்குமானால், நுண்ணுயிரும் தொடாத சரக்கு அந்நீரில் உண்டென்று கொள்க. மண்ணிலும் அது எளிதில் அழியாது. பாய்ச்சப் பாய்ச்சச் சேரும், அல்லது கிணற்றுக்கு இறங்கும். அத்தகைய நீரைக் கீரை, காய்கறிப் பாத்திகளுக்கு விடுவதை மறுத்துவிடுவதே முறை.

மீட்ட உப்பைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். அது சாயத் தொட்டிக்கே திரும்ப வேண்டியது. மலிவாய்க் கிடைக்கின்றதென்று அதனை வாங்கி மாடுகளுக்குத் தவிட்டில் கலந்து வைப்பதும், தென்னங்குழியில் இடுவதும் கூடா. வெள்ளையாயிருப்பதால் அது தூயதென்று ஆகாது. சவ்வைக் கடந்த சிறு அமிலங்களும் அமைன்களும் அதிலும் நிறமின்றியே இருக்கலாம்.

மாதிரி எடுக்கும்போது பிளாஸ்டிக் புட்டியைத் தவிர்த்துக் கண்ணாடிப் புட்டியை உபயோகிக்க வேண்டும். சில கரிமப் பொருள்கள் பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொள்ளும். புட்டியை அந்நீராலேயே இரு முறை அலம்பி, காற்றுக்கு இடமின்றிக் கழுத்து வரையில் நிரப்பி மூடி, பனிக்கட்டியில் வைத்து, வெயில் படாமல் அன்றைக்கே சோதனைச்சாலைக்கு அனுப்புக. நல்ல நீரில் ஒரு புட்டியும், உப்பு மிகுந்த நீரில் ஒரு புட்டியும், யந்திரத்துக்குள் புகும் நீரில் ஒரு புட்டியும் ஆக மூன்றும் ஒரே நாளில் எடுக்கப்பட வேண்டும். புட்டியின் மேல் ஒட்டும் சீட்டில் தேதி, மணி, நீரின் பி.எச்., சவ்வு மாட்டி எத்தனை நாளாயிற்று, கடைசியாக எப்போது கழுவப்பட்டது என்னும் விவரங்களை நிலையத்தாரைக் கேட்டு எழுதி, அவர்கள் கையெழுத்தையும் வாங்கிக்கொள்வது வழக்கமாக வேண்டும்.